அருவி வரை போகிறவர்கள் ஊர் வரை போகலாம்

வடக்கனந்தல், கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி ஊராருக்கு,

காணும் பொங்கலன்று கோமுகி அணைப் பூங்காவில் கால் வைக்க இடம் இருக்காது. மழை பெய்து அருவிகளில் தண்ணீர் கொட்டத் தொடங்கினால், அணையைத் தாண்டி மலைச்சாலையில் வண்டிகள் வரிசை கட்டும். பெரியார் அருவியில் ஒரு குளியல், மேகம் அருவியில் நாலு செல்ஃபி, கரியாலூரில் படகு, வெள்ளிமலைக் கடைத்தெருவில் ஒரு டீ, பொழுது சாய்வதற்குள் இறக்கம். இதைத்தான் கல்வராயன்மலைக்குப் போய்வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் போய்வந்தது அருவிக்கு. அணைநீருக்கு அப்பால் இருப்பவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆனால் பக்கத்து ஊருக்குப் போகும் விதத்தில் நாம் அங்கே போவதில்லை. இதனால் அவர்களுக்கு வந்த நட்டம் பெரிது, நமக்கு வந்ததும் சின்னதல்ல என்பதே இந்த மடலில் நான் வாதிட விரும்புவது.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கல்வராயன்மலை இன்று தனி வட்டம். வெள்ளிமலையில் அலுவலகங்கள் இருக்கின்றன. இருந்தும் கலெக்டர் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கல்லூரி, உரக்கடை, நகைக்கடை எல்லாமே கீழே. மலைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். நம் கடைத்தெருவில் யார் எடையில் கைவைப்பார், எந்த வக்கீல் ஆபீசில் எவ்வளவு நேரம் காக்கவைப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நமக்கு அவர்களைப் பற்றி என்ன தெரியும்? சேராப்பட்டு, இன்னாடு, தொரடிப்பட்டு, மணியார்பாளையம் ஆகிய பேர்களைப் பஸ் பலகையில் படித்திருப்போம். எது எந்தப் பக்கம் என்று கேட்டால் விழிப்போம். பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்று இருப்பதைப் பார்த்து, இவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்களா என்று கேட்கும் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். கும்பிடுவது கரிராமரை. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து மலைகளில் குடியேறினார்கள், அவர்களின் வழிவந்தவர்களே தாங்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. அதை நம்புவதும் நம்பாததும் ஆராய்ச்சியாளர் பாடு. தங்களைத் தரையிலிருந்து ஏறிப்போன உறவாகவே அவர்கள் எண்ணுகிறார்கள் என்பது மட்டும் தெளிவு. நம் பக்கத்தில்தான் அப்படி ஓர் உறவுக் கதை இல்லை.

உறவு இல்லை என்றாலும் கடன் இருக்கிறது. கோமுகி ஆற்றின் குறுக்கே அணை கட்டி முடிந்தது 1965-ல். முழுசாக நிரம்பினால் 46 அடி. பழைய பாசனம், புதிய பாசனம் இரண்டும் சேர்த்துப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. நம் நெல்லும் கரும்பும், கரும்பை நம்பிக் கச்சிராயபாளையத்தில் நிற்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் மலைமேல் பெய்த மழைக்கும் அதைப் பிடித்து வைத்து மெல்லக் கசியவிடும் காட்டுக்கும் கடன்பட்டவை. அணை கட்டிய அந்தக் காலத்தில் மலைமேல் யாருடைய ஆட்சி நடந்தது என்று நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடமும் சொல்லித் தருவதில்லை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்கள். நிலமும் வரியும் வழக்கும் அவர்கள் கையில். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963-ல் வந்தது. கல்வராயன்மலையில் அது வழக்குகளில் இழுபட்டு, மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தபோது ஆண்டு 1976. மலைத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து பதினோரு ஆண்டு கழித்துத்தான் நம் சட்டம் மலைக்குப் போனது. கீழே குடியாட்சியும் மேலே ஜாகிரும் ஒரே காலத்தில் நடந்தன, நடுவில் ஒரு மலைச்சாலை தூரம்தான் என்பதை நம்மில் பெரும்பாலோர் அறியாமலே இருந்தோம். போக்குவரத்து இருவழியாக இருந்திருந்தால் இந்த அறியாமை இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்காது.

அறியாமைக்கு நாம் கொடுத்த விலை 2024 ஜூனில் கண்ணுக்குத் தெரிந்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருந்த இடம் அது. துக்க வீடுகளில் பந்தல் பிரிக்கும் முன்பே பேச்சு மலைப் பக்கம் திரும்பியது: கல்வராயன்மலைச் சாராயம் என்றார்கள். மலையில் ஊறல் போடுவது பொய்யென்று யாரும் சாதிக்க முடியாது. நெடுங்காலமாக நடக்கிறது, போலீஸ் ஏறி உடைக்கிறது, மறுபடியும் போடுகிறார்கள். ஆனால் மெத்தனால் மலையில் விளைவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு. தரையிலிருந்து தரைக்கே வந்தது. ஊறலுக்கு வேண்டிய வெல்லத்தையும் கீழேயிருந்துதான் மூட்டை மூட்டையாக ஏற்றுகிறார்கள். வழியில் பிடிபட்ட வெல்ல மூட்டைகளைப் பற்றிச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம். முதல் போட்டவன், ஏற்றி அனுப்பியவன், இறக்கி விற்றவன், வாங்கிக் குடித்தவன் என்று அந்தச் சங்கிலியில் பல கண்ணிகள் நம் ஊரைச் சேர்ந்தவை. ஆனால் கெட்ட பெயரை மொத்தமாக மலை சுமந்தது. அங்கே மரவள்ளியும் சாமையும் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பம் ஒன்றை நேரில் அறிந்திருந்தால், அந்தக் குடும்பத்துப் பெண் பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளியில் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று தெரிந்திருந்தால், ‘மலைச் சாராயம்’ என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு மலையையே அடைக்க நமக்கு வாய் வந்திருக்காது.

அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி, வேலை என்று கேள்விகள் எழுந்தன. விசாரணையினூடே நீதிபதிகள், முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய் அந்த மக்களைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. கோப்புகள் குவிந்திருக்கும் ஒரு விஷயத்தில், போய்ப் பார்ப்பதையும் ஒரு பரிகாரமாக நீதிமன்றம் நினைத்திருக்கிறது. சென்னையிலிருந்து வருபவர்களுக்கே அது பொருந்துமென்றால், அடிவாரத்தில் குடியிருக்கும் நமக்கு?

பார்க்கத்தானே போகிறோம், வாரா வாரம் இவ்வளவு பேர் மலையேறுகிறார்களே என்று கேட்பீர்கள். கூட்டம் போவது மட்டும் எதையும் மாற்றிவிடாது. இதற்கு மும்பையைப் பாருங்கள். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து பத்து கிலோமீட்டர் சுமாருக்குக் கடலில் படகேறினால் எலிபெண்டா தீவு, உள்ளூர்ப் பேர் காராபுரி. குகைக் கோயில்களை 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாட்டின் மிகப் பணக்கார நகரத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் படகில் போய்த் திரிமூர்த்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதே தீவில் ராஜ்பந்தர், ஷேத்பந்தர், மோராபந்தர் என்று மூன்று கிராமங்கள் இருக்கின்றன. கடலுக்கடியில் கேபிள் போட்டு அவற்றுக்கு மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில். அதுவரை மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர். எதிர்க்கரையில் மும்பை விடிய விடிய எரிவதை அந்த மக்கள் எழுபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாரும் குகைக்குப் போனார்களே ஒழிய ஊருக்குப் போகவில்லை. மாலைப் படகில் திரும்பிவிடுகிறவனுக்கு ராத்திரி இருட்டு தெரியாது. அருவியில் குளித்துவிட்டு ஐந்து மணிக்கு இறங்குகிற நமக்கும், ராத்திரி பிரசவ வலி கண்டால் மலை மக்கள் என்ன செய்வார்கள் என்ற யோசனை வர வழியில்லை.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நாம் விருந்தாளியாகப் போய் என்ன ஆகிவிடும் என்பது நியாயமான மறுப்பு. சாலை போடுவதும் டாக்டரை அமர்த்துவதும் அரசின் வேலைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசை வேலை செய்யவைப்பது யார் என்று பாருங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். இரண்டும் நம் மாவட்டத்தில் இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன்மலைக்காரர்களின் ஓட்டு, தரைக்காரர்களின் ஓட்டுக் கடலில் கரைந்துபோகும் ஓட்டு. மலைச்சாலையின் அவலத்தைப் பற்றி மலைக்காரர் மட்டும் கேட்டால் அது மனு. வடக்கனந்தலும் கச்சிராயபாளையமும் சேர்ந்து கேட்டால் அது தேர்தல் பிரச்சினை. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தும், நீதிமன்றத் தடை விலகி 2016-க்குப் பிறகே தமிழ்நாட்டில் பட்டா கொடுக்கும் வேலை தொடங்கியது. நடுவில் போன பத்து வருஷத்தில் நம் ஊரிலிருந்து ஒரு போஸ்டராவது ஒட்டியிருப்போமா? ஒட்டாததற்குக் காரணம் கல்நெஞ்சம் இல்லை; அந்தப் பட்டா யாருக்கு வேண்டியிருந்தது என்று ஒரு முகம்கூட நமக்கு நினைவில் இல்லை. தெரிந்த முகத்துக்காகத்தான் மனிதன் கொடி பிடிப்பான்.

இதைவிட வலுவான மறுப்பு சூழலைப் பற்றியது. போகாதே என்று சொல்வதுதானே மலைக்கு நல்லது? ஊட்டியும் கொடைக்கானலும் கூட்டம் தாங்காமல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டன. கல்வராயன்மலையும் அப்படி ஆக வேண்டுமா? வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வது என் நோக்கமும் இல்லை. இப்போது போகும் கூட்டத்தில் பாதி குறைந்தாலும் நல்லதே. மலையைக் கெடுப்பது எந்த மாதிரிப் பயணம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடம் என்று நினைக்கும்போதுதான் பாறையில் பாட்டிலை உடைக்கிறோம், ஓடையில் ஷாம்பூ பாக்கெட்டை விட்டுவிட்டு வருகிறோம். மாமன் வீட்டுக் கிணற்றடியில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அருவிக்கு மேலே அந்த ஓடையிலிருந்து குடம் தூக்கும் வீடுகள் உண்டு, கீழே அது நம் அணைக்கே வருகிறது என்று தெரிந்தவனின் கை தயங்கும். கொச்சியில் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் உள்ள தீவுக்காரர்கள் நகரத்துக்கு வந்துபோகத் திட்டமிட்ட சேவை அது. சுற்றுலாக்காரர்களும் அதில் ஏறிக்கொள்கிறார்கள், சமயத்தில் இடத்தையும் அடைத்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் யாருக்காக என்ற வரிசை காகிதத்திலாவது சரியாக இருக்கிறது. நம் மலைச்சாலை விஷயத்தில் அந்த வரிசையும் தலைகீழ்: விடுமுறை நாளில் வண்டி நெரிசலில் சிக்கி நிற்பது வெள்ளிமலைக்குப் போகும் பஸ்.

சரி, ஊருக்குள்ளேயே போகலாம் என்றால், அது பழங்குடிகளை வேடிக்கை பார்ப்பதாகாதா? இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்களை நான் மதிக்கிறேன். அந்தமானில் ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துப் போகும் சாலையில், சுற்றுலா வண்டிகள் மனிதர்களைக் காட்சிப்பொருளாக்கியதை 2012-ல் வெளியான ஒரு வீடியோ அம்பலப்படுத்தியது, நாடே தலைகுனிந்தது. அங்கே சரியான நடத்தை விலகியிருப்பதுதான். கல்வராயன்மலை வேறு வகை. இவர்கள் வாரந்தோறும் நம் சந்தைக்கு வருகிறார்கள், நம் பிள்ளைகளோடு கல்லூரியில் படிக்கிறார்கள், மரவள்ளிக் கிழங்கை ஆத்தூர், சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள், பிழைப்புக்காகக் கேரளம் வரை போகிறார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப்போகும் புரோக்கர்களிடம் சிக்கி ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களும் உண்டு. வெளியுலகம் அவர்களைத் தொட்டாகிவிட்டது. பெரும்பாலும் முரட்டுக் கையால். இனி விலகி நிற்பதால் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. வேடிக்கை பார்ப்பதற்கும் விருந்துக்குப் போவதற்கும் உள்ள வேற்றுமை யார் அழைத்தார்கள் என்பதில் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க மாட்டோம். கேட்காமல் குழந்தையைப் படம் எடுக்க மாட்டோம். அந்த நாகரிகம் நமக்குத் தெரியாததல்ல, மலையில் மட்டும் மறந்துவிடுகிறது.

எப்படிப் போகலாம் என்று கேட்டால் பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை, சிலவற்றைச் சொல்கிறேன். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் ஏழு நாள் நடக்கின்றன. அவற்றில் சில மலை ஊர்களில் நடக்கட்டும். போகும் மாணவர்கள் அங்கே மரம் நடுவதாகப் பேனர் பிடிக்க வேண்டாம்; காட்டுக்காரனிடம் போய் மரம் நடக் கற்றுத்தருவது நல்ல நகைச்சுவை. மாறாக, சாமை எப்படிக் குத்துகிறார்கள், கடுக்காய், புளி, தேன் எந்த மாதத்தில் கிடைக்கும், எவ்வளவுக்கு வாங்கிப்போகிறார்கள், கீழே அது என்ன விலைக்குப் போகிறது என்று கணக்கு எடுத்து வரட்டும். அந்த ஒரு கணக்கு போதும், நம் மண்டிக்காரர்களிடம் பேச. வியாபாரிகள் சங்கமும் பழங்குடியினருக்கான கூட்டுறவுச் சங்கமும் பேசி முடித்தால், கச்சிராயபாளையத்தில் மலைக்காரர்கள் இடைத்தரகர் இல்லாமல் தாங்களே விற்க ஒரு கொட்டகை போடலாம். மேலே போகிறவர்கள் கீழேயிருந்து பிரியாணிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகாமல், மலை ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் சாப்பாட்டைச் சொல்லிவைத்துக் காசு கொடுத்துச் சாப்பிடலாம். அப்போது பேச்சு தானாக நடக்கும். பேச்சுக்கென்று தனியாகக் கூட்டம் போடத் தேவையில்லை. விருந்து என்பது இரு பக்கமும் நடக்க வேண்டியது. உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் நம் ஊருக்கு மனு கொடுக்க வரும் அப்பா அம்மாவோடுதான் வந்திருப்பார்கள். நம் திருவிழாவுக்கு, நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு அவர்களை அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம்பி அழைத்தால் ஏமாற்ற மாட்டார்களா, அங்கேயும் குடிகாரனும் வம்புக்காரனும் இல்லையா என்று ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருப்பார்கள். வடக்கனந்தலில் இல்லையா? மலைமேல் எல்லாரும் வெள்ளந்தி என்று நினைப்பதும் ஒரு வகைப் பழிதான். மனிதரை மனிதராக எடுத்துக்கொள்ளாத பழி. சின்னச் சின்ன மனத்தாங்கல்கள் வரட்டும். பக்கத்து ஊர்களுக்குள் வராததா?

காணும் பொங்கல் பெரியவர்களையும் உறவுகளையும் போய்ப் பார்க்கும் நாளாகவே நம் பக்கத்தில் இருந்துவந்தது; அணைப் பூங்காவும் அருவியும் பின்னால் சேர்ந்துகொண்டவை. வரும் தை மாதத்துக்குள் பேரூராட்சி மன்ற உறுப்பினர்கள் சிலரும், ஆசிரியர்களும், வியாபாரிகள் சங்கத்தாரும் மலை ஊராட்சித் தலைவர்களையும் ஊர்க் கவுண்டர்களையும் சந்தித்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேச்சைத் தொடங்க வேண்டியது மலைக்காரர்கள்: எந்த ஊருக்கு வரலாம், எந்த ஊருக்கு வேண்டாம், எத்தனை பேர், எந்த நாளில் கூடாது, எதை எடுத்துக்கொண்டு வரக் கூடாது. அவர்கள் தரும் பட்டியலில் மேகம் அருவி இல்லாமலும் போகலாம். அதை ஏற்றுக்கொள்ளத் தயாரா என்று, மலையேறுவதற்கு முன் நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்